ஹைலக்ஸுக்கு எந்த புல் பார்? பிராண்டுக்கு முன்னால் எடையைப் பேசுவோம்

கேள்வி: அடிலெய்டில் இருக்கிறேன். 2021 டொயோட்டா ஹைலக்ஸ் எஸ்.ஆர்.5 டபுள் கேப் (இரண்டு வரிசை இருக்கை உள்ள பிக்கப்) வைத்திருக்கிறேன். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ஃபிளிண்டர்ஸ் ரேஞ்சஸ் பக்கம் அடிக்கடி போகிறோம். அடுத்த ஆண்டு ஊட்னடாட்டா டிராக், முடிந்தால் சிம்ப்சன் பாலைவனம். கம்பெனி பம்பரைக் கழற்றிவிட்டு, மிருகங்கள் மோதினால் வண்டியின் முன்பக்கத்தைக் காக்கும் கனமான சட்டமான புல் பார் போட நினைக்கிறேன். ஒரு நண்பர் "ஸ்டீல்தான், வின்ச்சோடு போடு" என்கிறார் (வின்ச் என்பது சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுத்தெடுக்கும் மோட்டார்). இன்னொருவர் "அலாய் (அலுமினியக் கலவை) போதும்" என்கிறார். எந்த பிராண்ட் வாங்கலாம்?

பதில்:

நீங்கள் போகும் இடங்களைப் பார்த்தால் புல் பார் உங்களுக்குத் தேவைதான். நகரத்துக்குள் மட்டுமே ஓடும் வண்டிக்கு யாராவது கேட்டால் வேண்டாம் என்றே சொல்வேன். உங்கள் கதை வேறு. போர்ட் அகஸ்டாவைத் தாண்டியதும் கங்காரு, ஈமு, வேலியில்லாத பண்ணைகளில் திரியும் மாடு எல்லாமே சாலைக்கு வரும். கங்காருக்கள் பெரும்பாலும் விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும்தான் நடமாடும். பெரிய ஆண் சிவப்புக் கங்காரு 85 கிலோ வரை இருக்கும். அது கம்பெனியின் பிளாஸ்டிக் பம்பரில் மோதினால் பம்பர் போவது பெரிய விஷயமில்லை. பின்னால் இருக்கும் ஏசி கண்டென்சரும் ரேடியேட்டரும் உடைவதுதான் ஆபத்து. ரேடியேட்டர் போனால் வண்டி அங்கேயே நின்றுவிடும். போன் சிக்னல் இல்லாத இடத்தில், பக்கத்து ஊர் 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போது, பிள்ளைகளோடு நிற்க வேண்டியிருக்கும்.

ஆகவே புல் பாரின் வேலை ஒன்றுதான்: மோதலுக்குப் பிறகும் வண்டி தன் சக்கரத்திலேயே அடுத்த ஊருக்குப் போய்ச் சேர வேண்டும். அது கவசம் இல்லை. 500 கிலோ மாட்டை 110 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் எந்த புல் பாரும் உங்களைக் காப்பாற்றாது. இருட்டின பிறகு அந்தப் பக்கம் ஓட்டாமல் இருப்பதைவிடப் பெரிய பாதுகாப்பு கடையில் கிடைக்காது. 4 மணிக்கே முகாம் போட்டுவிடுங்கள்.

சரி, இனி எடைக்கு வருவோம். இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

ஹைலக்ஸுக்கான ஸ்டீல் பார் ஏறத்தாழ 60 முதல் 80 கிலோ வரும். அலாய் பார் 35 முதல் 45 கிலோ. வின்ச் மாட்டினால் கயிற்றைப் பொறுத்து இன்னும் 25 முதல் 40 கிலோ. கேட்கும்போது பெரிதாகத் தெரியாது. ஆனால் இந்த எடை முன் அச்சின் மேல் உட்காரவில்லை, அதற்கு முன்னால் தொங்குகிறது. உங்கள் வண்டியின் வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம், 3,085 மில்லிமீட்டர். புல் பாரின் எடை மையம் முன் அச்சிலிருந்து சுமார் 900 மில்லிமீட்டர் முன்னால் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 70 கிலோ பார் முன் அச்சில் 90 கிலோவாக அழுத்தும், பின் அச்சை 20 கிலோ தூக்கிவிடும். அதே பாரில் 35 கிலோ வின்ச்சையும் சேர்த்தால் முன் அச்சில் 135 கிலோவுக்கு மேல் கூடும், பின் அச்சில் 30 கிலோ குறையும். மூக்கு தாழும், ஸ்பிரிங் அமுங்கும், பிரேக் போட்டால் வண்டி முன்னால் குனியும், ஸ்டியரிங் மந்தமாகும், மணலில் முன்சக்கரங்கள் புதையும்.

மொத்த எடையையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். எஸ்.ஆர்.5 ஆட்டோமேட்டிக் டபுள் கேப்பின் ஜி.வி.எம், அதாவது எல்லாம் சேர்த்து அனுமதிக்கப்பட்ட உச்ச எடை, 3,050 கிலோ. வெறும் வண்டி 2,100 கிலோவை ஒட்டி வரும். மிச்சம் 900 சொச்சம். நீங்கள் நான்கு பேர் 270 கிலோ. பின் தொட்டியை மூடும் கேனோபி 80. ரூஃப் ராக், கூடாரம் 80. ஃப்ரிட்ஜ், இரண்டாவது பேட்டரி 70. தண்ணீர் 60 லிட்டர், அது 60 கிலோ. சாப்பாடு, உடை, சமையல் சாமான், கருவிகள் 100. கூடுதல் டயர் 30. இதுவே 690 ஆகிவிட்டது. இதோடு 105 கிலோ பாரும் வின்ச்சும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 800. அப்புறம் சிறிய கேம்பர் டிரெய்லர் இழுத்தாலும் அதன் முன்பக்க எடை 100 கிலோவுக்கு மேல் டோ பாரில் இறங்கும், அதுவும் இதே கணக்கில்தான் வரும். அதிகபட்சத்தைத் தொட்டாயிற்று. அதைத் தாண்டிய வண்டி சட்டத்துக்குப் புறம்பானது, விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கையை விரிக்கவும் காரணமாகும். அதனால் முன்னால் தொங்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் உங்களிடம் ஒரு காரணம் இருக்க வேண்டும் என்பதுதான் என் நிலைப்பாடு. முடிந்தால் சாமான் ஏற்றிய வண்டியை எடைமேடையில் ஏற்றி, முன் அச்சு, பின் அச்சு தனித்தனியாக எடை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

இப்போது உங்கள் முதல் நண்பர் சொன்ன வின்ச். அதற்கு உங்கள் பயணத்தில் காரணம் இருக்கிறதா? சிம்ப்சனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணல்மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஆனால் வின்ச் கயிற்றைக் கட்ட நல்ல மரம் தேடினால் கிடைப்பது அரிது. அங்கே உதவுவது காற்றழுத்தம். டயரை 16-18 பி.எஸ்.ஐ-க்கு இறக்கினால் பெரும்பாலான மேடுகளில் ஏறிவிடலாம். மாட்டிக்கொண்டால் மண்வெட்டியும் சக்கரத்துக்கு அடியில் வைக்கும் மாக்ஸ்டிராக்ஸ் மாதிரியான பலகைகளும் போதும். ஊட்னடாட்டா டிராக்கோ மாரீயிலிருந்து மார்லா வரை 600 சொச்சம் கிலோமீட்டர் சரளைச் சாலை. உலர்ந்திருந்தால் வின்ச்சுக்கு வேலையே இல்லை. மழை பெய்தால் சாலையையே மூடிவிடுவார்கள். வின்ச் தேவைப்படுவது விக்டோரியாவின் ஹை கன்ட்ரி மாதிரி சேறும் செங்குத்தும் மரமும் உள்ள இடங்களில், அல்லது துணைக்கு வேறு வண்டி இல்லாமல் தனியாகப் போகிறவர்களுக்கு. நீங்கள் சொன்ன பாதைகளுக்கு இன்னொரு வண்டியோடு சேர்ந்து போவது வின்ச்சைவிட நல்லது.

பின்னாளில் போடுவதாக இருந்தால் ஒரு கணக்கு. வண்டியின் உச்ச எடையைப்போல ஒன்றரை மடங்கு இழுப்புத் திறன் வேண்டும் என்பது பொதுவான விதி. 3,050-க்கு அது 4,575 கிலோ. எங்கும் கிடைக்கும் 9,500 பவுண்ட் வின்ச் 4,300 கிலோதான், கொஞ்சம் குறைவு. 12,000 பவுண்ட் வாங்கினால் நிம்மதி. அந்தத் திறனும் டிரம்மில் முதல் சுற்றுக் கயிற்றுக்குச் சொல்லப்படுவது. மேலே மேலே கயிறு சுற்றச் சுற்ற இழுப்பு குறைந்துகொண்டே வரும். கயிறு சிந்தெடிக்காகவே இருக்கட்டும். ஸ்டீல் கயிற்றைவிட 10 கிலோ அளவுக்கு எடை குறையும், அறுந்தாலும் ஸ்டீல் அளவுக்கு ஆளை வெட்டாது.

ஸ்டீலா அலாயா என்பதில் இரண்டு நண்பர்களும் ஆளுக்குப் பாதி சரி. ஸ்டீல் ஒரு மோதலை வாங்கிய பிறகும் அடுத்ததைத் தாங்கும். வளைந்தால் தட்டி நிமிர்த்தலாம், விரிசல் விட்டால் எந்தப் பண்ணையிலும் வெல்டிங் மிஷின் வைத்திருக்கும் ஒருவர் ஒட்டிக் கொடுத்துவிடுவார். அலாய் வெல்டிங்குக்குத் தனிக் கருவியும் தனிக் கைப்பழக்கமும் வேண்டும், நடுக்காட்டில் கிடைக்காது. ஊட்னடாட்டா மாதிரி சாலைகளில் குறுக்கே அலை அலையாக வரும் கரடு, கோரகேஷன் என்பார்களே, அது மணிக்கணக்கில் வண்டியை உலுக்கும். அலாய் பாரின் மேல் கனமான டிரைவிங் லைட்டும் நீள ஆன்டெனாவும் மாட்டி அப்படி ஓட்டினால் தாங்கிகளின் அடியில் உலோகம் களைத்து விரிசல் விழ வாய்ப்பு அதிகம். அலாயின் பலம் எடையும், துருப்பிடிக்காமையும். கடற்கரையில் ஓட்டுகிறவர்களுக்கு அது பெரிய விஷயம். ஸ்டீலில் பவுடர் கோட்டிங் கல்பட்டுத் தெறித்த இடத்திலெல்லாம் துரு கிளம்பும். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் கழுவி, தெறித்த இடத்தில் பெயின்ட் தொட்டு வைக்க வேண்டும்.

பாலிமர் (பிளாஸ்டிக் வகை) பார் என்று மூன்றாவது வகையும் உண்டு. அதைச் செய்யும் ஸ்மார்ட்பார் நிறுவனம் அடிலெய்டிலேயே இருக்கிறது. சின்ன மோதலில் அமுங்கிப் பழைய வடிவத்துக்கே திரும்பும். பாதசாரிக்கும் இதுதான் ஆகக் குறைந்த கெடுதல். உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தின் சாலைப் பாதுகாப்பு ஆய்வு மையம் பாதசாரி மோதல் சோதனை செய்து பார்த்தபோது ஸ்டீல் பார்கள் மிக மோசமாகவும் பாலிமர் பார்கள் மிக நன்றாகவும் வந்தன. வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூட வாசலில் நிற்கும் வண்டிக்கு இதை யோசிக்காமல் விடக்கூடாது என்று நினைக்கிறேன். வெளிப்பாதைகளில் நாட்கணக்கில் ஓட்டுவது உங்கள் வாழ்க்கையில் சிறு பகுதிதான் என்றால் பாலிமர் பாரைப் போய்ப் பாருங்கள்.

என் பரிந்துரை இது: வின்ச் இல்லாத ஸ்டீல் பார், நடுவில் மேலே எழும் ஒரே குழாய் வளையம் உள்ளது. எடை 65 கிலோ வரும் என்று வையுங்கள். அலாய் பாரோடு வின்ச் சேர்த்தால் வரும் 75 கிலோவைவிட இது குறைவு. ஸ்டீல் தரும் உறுதி கிடைக்கும், வின்ச்சின் சுமை இராது. வின்ச் ஒருநாளும் போடப்போவதில்லை என்று உறுதியாக இருந்தால், வின்ச்சுக்கான தாங்கித் தொட்டில் இல்லாத மாடலையே கேளுங்கள், இன்னும் சில கிலோ மிச்சமாகும். மேலே போட்ட சாமான் கணக்கு உங்கள் வண்டியில் 850-ஐத் தாண்டுகிறது, டிரெய்லரும் இழுக்கிறீர்கள் என்றால் மட்டும் அலாய்க்குப் போங்கள். அப்படிப் போனால் மேலே லைட்டைக் குவிக்காதீர்கள்.

வளையம் ஏன்? கங்காருவின் உடல் பெரும்பாலும் பானெட் உயரத்துக்கு வரும். வளையமே இல்லாத தாழ்வான பார் அழகாக இருக்கும், ஆனால் கால்களை அடித்து உடலை பானெட் மேல் தூக்கிப்போட இடம் கொடுக்கும். நடு வளையம் கிரில்லையும் அதன் பின்னால் இருப்பவற்றையும் காக்கும். ஹெட்லைட்டையும் காக்க மூன்று வளையம் உள்ளதைப் போடுகிறார்கள். எடை கூடும், பார்வை கொஞ்சம் மறையும். இரவில் ஓட்டுவதில்லை என்று முடிவு செய்தவருக்கு ஒன்றே போதும். நட்ஜ் பார் என்ற மெல்லிய குழாய் வளையத்தை மட்டும் வாங்காதீர்கள். அது லைட் மாட்டுவதற்கான கம்பி, பெரிய கங்காரு இடித்தால் பின்பக்கம் மடங்கி ரேடியேட்டரையே அழுத்தும்.

இறக்கை என்று சொல்லும் இரு ஓரங்களும் மேல்நோக்கி வெட்டி ஏறியிருக்கிறதா என்று பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். ஹைலக்ஸின் முன் ஏறுகோணம், அதாவது முன்பக்கம் இடிக்காமல் ஏறக்கூடிய சரிவு, கம்பெனியிலிருந்து வரும்போது 30 டிகிரியை ஒட்டியது. நல்ல பார் அதைக் கூட்டும், தாழ்ந்த பார் குறைக்கும். ஃபிளிண்டர்ஸின் வறண்ட ஓடைகளில் இறங்கி எதிர்க்கரையில் ஏறும்போது இந்தச் சில டிகிரிதான் தரையில் இடிக்குமா இடிக்காதா என்பதைத் தீர்மானிக்கும்.

ஏர்பேக் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிலுக்கே அர்த்தமில்லை. முன்னால் மோதும்போது வண்டி எவ்வளவு வேகமாக நிற்கிறது என்பதை வைத்துத்தான் ஏர்பேக் விரிய வேண்டுமா என்று கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. சேசிஸ் முனையில் வேறொரு இரும்பை நேராக போல்ட் போட்டு இறுக்கினால் அந்தக் கணக்கு மாறும். சின்ன இடியில் வீணாக விரியலாம், பெரிய இடியில் தாமதமாகலாம். நல்ல பார்களில் தாங்கிகள் குறிப்பிட்ட விசையில் மடங்கும்படி வடிவமைக்கப்பட்டிருக்கும். உங்கள் மாடலுக்கும் ஆண்டுக்கும் ஏர்பேக்கோடு ஒத்துப்போகும், ஆஸ்திரேலிய வடிவமைப்பு விதிகளுக்கு இணங்கும் என்று எழுத்தில் கேளுங்கள். வெளிவடிவத்துக்கான தரநிலை ஏ.எஸ் 4876.1, 2002-இல் வந்தது. கூர்மையான விளிம்பு கூடாது, பார் வண்டியின் முகத்தை ஒட்டி இருக்க வேண்டும், முன்னால் சாய்ந்து நிற்கக்கூடாது என்பது அதன் சாரம். தூண்டில் வைக்கும் குழாய் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் எதையும் அதில் ஒட்டவைக்காதீர்கள். பெயரில்லாத, இணையத்தில் பாதி விலைக்கு வரும் பார்களில் இந்தத் தாள் ஏதும் இருக்காது. அங்கே மிச்சம் பிடிக்கும் பணம் உங்கள் பிள்ளைகளின் பாதுகாப்பிலிருந்து எடுத்தது.

2019 நடுவிலிருந்து இங்கே வரும் ஹைலக்ஸில் தானியங்கி பிரேக் வசதி உண்டு. அதன் ரேடார் கிரில்லில் உள்ள டொயோட்டா சின்னத்துக்குப் பின்னால் இருக்கிறது. வளையமோ, லைட்டோ, நம்பர் பிளேட்டோ அதன் முன்னால் வரக்கூடாது. பார்க்கிங் சென்சார்கள் புதிய பாருக்கு மாற்றப்படுமா, அதற்கான துளை பாரில் தயாரிக்கும்போதே போட்டதா அல்லது கடையில் குடைவார்களா என்றும் கேளுங்கள்.

இழுவை விஷயம் இன்னும் முக்கியம். புல் பார் இழுவைப் புள்ளி இல்லை. அதில் தெரியும் ஓட்டைகளில் சில ஜாக் வைப்பதற்கு, சில லைட்டுக்கு. சேற்றில் சிக்கிய வண்டியை ஸ்னாட்ச் ஸ்டிராப் என்ற நீளும் பட்டை போட்டு இழுக்கும்போது பல டன் விசை வரும். கம்பெனி கொடுக்கும் முன் கொக்கிகள் பெரும்பாலும் கப்பலில் கட்டி வைப்பதற்கானவை. டிரெய்லர் மாட்டும் உருண்டையான டோ பாலில் கட்டி இழுத்து, அது உடைந்து குண்டு மாதிரி பறந்து இந்த நாட்டில் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். சேசிஸில் நேராகப் பொருத்தும், சுமைத்திறன் பொறித்த இழுவைப் புள்ளிகள் இரண்டைப் பாரோடு சேர்த்தே மாட்டச் சொல்லுங்கள். இரண்டையும் பிரைடில் பட்டையால் இணைத்து இழுத்தால் விசை பிரியும். எல்லா பாரும் எல்லா இழுவைப் புள்ளியோடும் ஒத்துப்போகாது. பார் வாங்கும்முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிராண்டுக்கு வருவோம். 1975-இல் மெல்போர்னில் தொடங்கிய ஏ.ஆர்.பி, 1973-இல் பிரிஸ்பேனில் தொடங்கிய டி.ஜே.எம், ஐயன்மேன், அலாய்க்கு ஈ.சி.பி, டொயோட்டாவின் சொந்த பார்கள் என எதை எடுத்தாலும் மேலே சொன்ன தாள்கள் கிடைக்கும். இவற்றுக்குள் எது என்பதை எடை, ஏறுகோணம், உங்களுக்கு அருகில் மாட்டித்தரும் கடை எது என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். வண்டி இன்னும் வாரன்டியில் இருந்து, சண்டை சச்சரவு வேண்டாம் என்று நினைத்தால் டொயோட்டாவின் பாரே போதும். பெரிய வித்தியாசம் பிராண்டில் இல்லை, மாட்டும் கையில் இருக்கிறது.

மாட்டும்போது முன் ஸ்பிரிங்கை மறக்காதீர்கள். 65 கிலோவுக்கு ஏற்ற ஸ்பிரிங் என்று கேட்டு வாங்குங்கள். வின்ச்சோடு சேர்த்த எடைக்கான கடினமான ஸ்பிரிங்கை உங்கள் தலையில் கட்டினால் வண்டி தூக்கித் தூக்கிப் போடும். பிறகு வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் உயரம் இரண்டையும் சரிபார்க்க வேண்டும். சில பார்களுக்குப் பழைய பம்பரின் பிளாஸ்டிக்கை வெட்ட வேண்டிவரும். அது திரும்பாது என்பதால் எங்கே வெட்டுவார்கள் என்று படத்தில் காட்டச் சொல்லுங்கள். போல்ட்டுகளை சுமார் ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகும், கோரகேஷன் பயணம் முடிந்ததும் டார்க் ரென்ச்சால் மறுபடி பாருங்கள்.

வண்டிக்கு வண்டி பேசும் யு.எச்.எஃப் ரேடியோவின் ஆன்டெனாவுக்கு ஒரு தாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் லாரிக்காரர்கள் 40-ஆம் சேனலில் பேசுவார்கள், பல டிரெய்லர்கள் கோர்த்த லாரியான ரோடு டிரெயினை முந்தும்முன் அவர்களோடு ஒரு வார்த்தை பேசிக்கொள்வது நல்லது. சிம்ப்சனில் எதிர்வண்டிக்குத் தெரிய தரையிலிருந்து 3.5 மீட்டர் உயரத்தில் மணல் கொடி கட்டாயம். அதற்கும் பாரில் இடம் வேண்டும். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை சிம்ப்சன் மூடியிருக்கும், தேதியை அதற்கேற்பப் பாருங்கள்.

இந்தியாவில் தார், ஜிம்னி வைத்திருப்பவர்கள் இதைப் படித்து அப்படியே செய்துவிட வேண்டாம். அங்கே 2017 டிசம்பரில் ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் புல் பார், கிராஷ் கார்டு பொருத்துவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுக்கு எதிரானது என்று மாநிலங்களுக்கு எழுதியது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதியில்லாத மாற்றத்துக்கு, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும்கூட உண்டு.

கடைசியாக, பார் மாட்டிய அன்றே இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு போன் செய்து பார், ஸ்பிரிங், லைட் மூன்றையும் பதிவு செய்துகொள்ளுங்கள். கழற்றிய பம்பரையும் அதன் கிளிப், போல்ட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு கராஜில் வையுங்கள். வண்டியை விற்கும்போது பாரை வைத்துக்கொண்டு பழைய பம்பரோடு கொடுக்கலாம். முன் அச்சின் எடைச்சீட்டு கையில் வந்ததும் எழுதுங்கள். எந்த ஸ்பிரிங் பொருந்தும் என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.